குழாய்க்குள் ஒரு பந்தி

அந்தக் கேனுக்குள் உயிர் இருக்கிறது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் அருளப்பன் தம்பிதான். போன தைப்பூசம் முடிந்த மறுவாரம். பண்ருட்டியில் என் பிள்ளை தயாளன் நடத்துகிற ஓட்டலில், பாத்திரம் கழுவுகிற இடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தார். நீங்க இப்போ கழற்றுறீங்களே இந்தக் குடிதண்ணி மெஷின், இதில் பாதி இருக்கும். நான் இதே மாதிரிதான் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேலை செய்ய வந்தவர்களைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது. சந்தேகத்தால் இல்லை தம்பி. தாகம் என்று கேட்டால் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டாமா?

காபியைக் குடிச்சிடுங்க. ஆறினால் நன்றாக இருக்காது.

நாளைக்குப் பண்ருட்டி போறேன், அங்கே 'தயவு' ஓட்டலிலும் ஃபில்டர் மாத்தணும் என்று வாசலில் நின்று யாரிடமோ போனில் சொன்னீங்க பாருங்க, அப்போதே எனக்குத் திக்கென்றது. அது என் பிள்ளை ஓட்டல்தான் தம்பி. தானாக வந்த ஆள் இல்லை இவர், பெருமான்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மகள் மணிமொழியிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது. "ஆரம்பிச்சிட்டியாம்மா" என்பாள். அவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டல் என்றால் எண்ணெய் இல்லாமல் உண்டா? பூரி, வடை, நெய்ப்பொங்கல், எல்லாத் தட்டும் கடைசியில் அந்தக் கழுவு தொட்டிக்குத்தான் வந்து சேரும். தண்ணீர் போய்விடும், பிசுக்கு மட்டும் குழாய்க்குள் தங்கிவிடும். முன்பெல்லாம் கொதிக்கிற தண்ணீரையும் ஆசிட்டையும் ஊற்றிக் கம்பியால் குத்துவார்கள். அப்படியும் ஒருநாள் பின்பக்கத்துச் சாக்கடைச் சேம்பர் பொங்கி, சந்து வழியாக ரோட்டுக்கு வந்து, எதிர் மருந்துக்கடை வாசலில் தேங்கிவிட்டது. நகராட்சியிலிருந்து ஆள் வந்து, இன்னும் ஒரு தடவை ரோட்டுக்கு வந்தால் கடையைப் பூட்டி சீல் வைப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் தயாளன் அந்த வெள்ளைப் பெட்டி மெஷினை வாங்கினான்.

சுவரில் பெட்டி. கீழே ஒரு கேன். கேனிலிருந்து மெல்லிசாக ஒரு டியூப், பெட்டி வழியாகப் போய்க் கழிவுக்குழாயில் சேரும். பெட்டிக்குள் கடிகாரம் இருக்கிறதாம். கடை அடைத்து, தண்ணீர் ஓட்டமெல்லாம் நின்ற பிறகு, அதுவே 'டிர்ர்' என்று சுற்றி, கேனிலிருந்து ஒரு மடக்கு இழுத்துக் குழாய்க்குள் விட்டுவிடும். யாரும் தொடவும் வேண்டாம், ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

"என்னா மருந்து தம்பி இது, ஆசிட்டா?" என்று கேட்டேன்.

"ஆசிட் இல்ல பெரியம்மா. இது உசுரு."

எனக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். "கண்ணுக்குத் தெரியாத உசுரு. பாலுக்கு உறை ஊத்துறீங்க இல்ல, அதுல இருக்கே, அந்த மாதிரி. இதுங்களுக்கு எண்ணெப் பிசுக்குதான் சாப்பாடு. கொழா உள்ளாற ஒட்டிக்கினு தின்னும், தின்னுட்டுப் பெருகும். வெந்நி ஊத்தாதீங்க, பிளீச்சிங் பவுடர் போடாதீங்க, பினாயிலு ஊத்தாதீங்க. செத்துடும்."

"திங்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னா?"

"அப்பவும் செத்துடும். அதுக்கென்னா பெரியம்மா, மறுநாளு மெஷினு வேற ஊத்தும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார், பாருங்க. ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே சொல்லிவிட்டார். நான்தான் அந்தக் கேனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

எங்கள் வீடு சன்மார்க்க வீடு தம்பி. என் வீட்டுக்காரர் இருந்தவரை தைப்பூசத்துக்கு ஊருக்கெல்லாம் கஞ்சி காய்ச்சி ஊற்றினவர். நான் படித்தது எட்டாவது. அதற்குமேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் விளக்கு முன்னால் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். எந்த உயிரும் பசியில் வாடக் கூடாது. அதைக் கேட்பதைத் தவிர வேறு பிரார்த்தனை எனக்கு வராது. பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், கல்யாணம் ஆக வேண்டும் என்றுகூட நான் கேட்டதில்லை. பசியாற்றினால் மற்றது தானாக நடக்கும் என்பார் அவர். நடந்தது. இன்னொன்றும் சொல்வார். போட்ட சோற்றை வாயால் சொல்லாதே, சொன்னால் அது சோறாக இருக்காது, விளம்பரமாகிவிடும் என்பார். அதை இன்றுவரைக்கும் காப்பாற்றி வருகிறேன். உங்களிடம்தான் சொல்கிறேன், நாளைக்கு அங்கே போகிறவர் என்பதால்.

மருமகள் சுகுணா நல்ல பெண். கொஞ்சம் வாய். நான் அந்தக் கேனைக் கும்பிட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "அப்ப தயிர்லயும் உசுரு இருக்கு அத்தே. நாளையிலேருந்து மோர் வேணாமா?" என்றாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். அந்த வாரம் பூராவும் எனக்கு மோர் இறங்கவில்லை.

அன்றிலிருந்து அந்தத் தொட்டிக்கு நான்தான் காவல். மாஸ்டர் வழக்கமாக வடிகஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கத் தொட்டியில்தான் சாய்ப்பார். அவருக்கு ஒரு டிரம் வாங்கி வைக்கச் சொன்னேன். பினாயில் பாட்டிலை எடுத்து மேலே எங்கள் மாடி வீட்டில் ஒளித்து வைத்தேன். மாஸ்டர் கிண்டல் பண்ணுவார். "பெரியம்மா, உங்க புள்ளைங்கல்லாம் சாப்ட்டுச்சா? மெதுவா பேசணுமா நாங்க?" பண்ணட்டும். உண்மையில் குழாய் அப்போது நன்றாகத்தான் ஓடியது. வாடையே இல்லை. தயாளன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அங்கே பாத்திரம் கழுவினது கொளஞ்சி. கொளஞ்சியம்மாள். பெரிய தைரியசாலி, ஆனால் வாய் அதிகம் பேசாது. அவள் புருஷன் திடீரென்று செத்துப்போனபோது கொஞ்ச நாள் அவள் வீட்டுக்குச் சாப்பாடு போனது. நான் சொல்லவில்லை, அவள்தான் சொல்வாள், இதை மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். "எங்க வூட்டு அடுப்பு எரியாதப்ப பெரியம்மா அடுப்புதான் எங்களுக்காக எரிஞ்சிது. நான் அவங்களுக்கு எதிரா ஒரு வார்த்தை பேசுனா என் நாக்கு அழுகிடும்." சொல்லாதே கொளஞ்சி, புண்ணியம் குறைந்துவிடும் என்பேன். கேட்க மாட்டாள்.

இப்படி இருக்கையில் சுகுணாவுடைய அப்பா தவறிப்போனார். கருமாதி முடிகிற வரைக்கும் கடையைச் சாத்திவிட்டு எல்லோரும் திருக்கோவிலூர் போய்விட்டார்கள். மாடி வீட்டில் விளக்கேற்ற ஒரு ஆள் வேண்டுமே என்று நான் மட்டும் இருந்தேன். முதல் நாள், கடை அடைக்கிற நேரத்துக்கு, கீழே 'டிர்ர்' என்று சத்தம்.

என்ன சத்தம் என்று கீழே இறங்கிப் பார்த்தால், மெஷின்.

அதற்குத் தெரியாது பாருங்க. கடை சாத்தியிருக்கிறது, அடுப்பு பற்றவைக்கவில்லை, ஒரு தட்டுகூடக் கழுவவில்லை, இது எதுவும் அதற்குத் தெரியாது. அதன் நேரம் வந்ததும் ஒரு மடக்கு உயிரை எடுத்துக் காய்ந்த குழாய்க்குள் தள்ளிவிட்டது. தம்பி, நீங்களே சொல்லுங்க. பத்திரிகை வைத்து ஆட்களைக் கூப்பிட்டு, பந்தியில் உட்காரவைத்துவிட்டு, இலையில் ஒன்றுமே போடாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அந்தச் சத்தத்துக்கப்புறம் அவ்வளவு அமைதி. ஒரு முனகல்கூட இல்லை. வாய் இருக்கிற பிராணியாக இருந்தால் கத்தியிருக்கும்.

மேலே போய் ஒரு கரண்டி நல்லெண்ணெய் எடுத்து வந்து ஊற்றினேன். வேறு என்ன செய்வேன்? அந்தத் தொட்டி ஓரத்திலேயே ஒரு அகலும் ஏற்றிவைத்து வேண்டிக்கொண்டேன். மனசு நிறைந்துபோய்த் தூங்கினேன். என் வீட்டுக்காரர் போனதற்கப்புறம் அப்படித் தூங்கினதே இல்லை.

கடை திறந்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம்தான். ஆனால் அருளப்பன் தம்பி வந்து தயாளனிடம் ஒரு புது ஏற்பாடு சொல்லிவிட்டுப் போயிருந்தார். தட்டு, வடைச்சட்டி எல்லாவற்றிலும் இருக்கிற எண்ணெயைக் காகிதத்தால் வழித்து எடுத்துவிட்டுத்தான் கழுவ வேண்டுமாம். கொளஞ்சி பக்கத்தில் பழைய பேப்பர் கட்டு ஒன்று வந்துவிட்டது. அவள் ஒவ்வொரு சட்டியாகத் துடைத்துத் துடைத்துப் போடுவதை நான் பார்த்தேன். இவர்கள் என்ன மனிதர்கள் என்று இருந்தது எனக்கு. கூப்பிடுவதும் இவர்களே, இலையைத் துடைப்பதும் இவர்களே. பெற்ற பிள்ளையைச் சொல்லக் கூடாது. வியாபாரம் என்று வந்துவிட்டால் மனசு கொஞ்சம் இறுகிவிடுகிறது.

அதனால் நானே பார்த்துக்கொண்டேன். எல்லோரும் கல்லாப் பக்கம் போனதும், விளக்கை ஏற்றிவிட்டு, வடைச்சட்டியில் மிஞ்சினதில் ஒரு கரண்டி. அதுகள் பெருகும் என்று அருளப்பன் தம்பிதானே சொன்னார்? பெருகினால் ஒரு கரண்டி எப்படிப் போதும்? தாய்க்குப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்க வைப்பதா? ஒரு டம்ளர் ஆக்கினேன். பங்குனி உத்திரத்துக்குச் சட்டி நிறைய மிச்சம் இருந்தது, ஒரு சொம்பு போட்டேன். நல்ல நாளும் அதுவுமாக வயிறாரச் சாப்பிடட்டுமே. அப்புறம் சொம்பே வழக்கமாகிவிட்டது. அமாவாசைக்கு மட்டும் கொஞ்சம் டால்டாவை உருக்கி, கை பொறுக்கிற சூடாக ஆறவைத்து...

என்ன தம்பி, ஸ்பேனர் கீழே விழுந்துவிட்டதே. காலில் படவில்லையே? பார்த்து.

ஒருநாள் கொளஞ்சி வீட்டுக்குப் போனவள் தூக்குவாளியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தாள். நான் சொம்போடு நிற்கிறேன். அப்படியே நின்றுவிட்டாள்.

"பெரியம்மா, என்னா பண்றீங்க?"

"சத்தம் போடாதே. சாப்பாடு போடறேன்."

"வேணாம் பெரியம்மா. அடைச்சிக்கும்."

"அடைக்காதுடி. தின்னுடும். அருளப்பன் தம்பியே சொல்லியிருக்காரு."

"தின்னும்தான். இம்மாத்தயும் தின்னுமா?"

"உன் வூட்டுக்கு அனுப்பினப்ப இம்மாத்தயும் தின்னுவாளான்னு நான் கேட்டேனா கொளஞ்சி?"

சும்மா வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து பாருங்க, அவளுக்கு வேலையில் எவ்வளவு அக்கறை வந்துவிட்டது! எல்லோருக்கும் முன்னால் வந்து, சேம்பர் மூடியைத் தூக்கி, முழங்கை வரைக்கும் கையை விட்டு, கொட்டாங்கச்சியால் எதையோ வழித்து வழித்து வாளியில் போடுவாள். யாரும் சொல்லவில்லை அவளிடம். மாஸ்டர்கூட, "கொளஞ்சி, உனக்கு என்னா பொதையல் கெடைக்குது அதுல?" என்று கேட்டார். அப்படி உழைத்த பெண்.

அப்படியும் அடைத்துக்கொண்டது. சித்திரை வெயிலில் எப்படியோ ஓட்டிவிட்டோம். ஆடியில் காற்று குளிர்ந்ததும் தொட்டித் தண்ணீர் இறங்கவில்லை. வாளி வாளியாக மொண்டு வெளியே ஊற்றினார்கள். அடுத்த வாரம் சேம்பர் பொங்கிவிட்டது. சந்து வரைக்கும் வந்துவிட்டது. ரோட்டுக்குப் போகாமல் கொளஞ்சி சாக்கை உருட்டிப் போட்டுத் தடுத்தாள். மருந்துக்கடைக்காரர் நின்று பார்த்துக்கொண்டே போனை எடுத்தார். தயாளன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். என் பிள்ளை ஒருத்தர் கையைப் பிடித்துக் கெஞ்சி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அருளப்பன் தம்பியை வரவழைத்தார்கள். வந்த உடனே தயாளன் அவரைப் பிடித்துக்கொண்டான். "ஏமாத்து மெஷின வித்துட்டுப் போயிட்டியா? பேர மட்டும் அருளப்பன்னு வெச்சிக்கினு!" அவர் கோபப்படவில்லை. மெஷினைச் சுற்றிப் பார்த்தார், சரியாகச் சுற்றியது. கேனைப் பார்த்தார், அளவாகக் குறைந்திருந்தது. அப்புறம் சேம்பரைத் திறந்து, கடப்பாரையால் நெம்பி, ஒரு துண்டை வெளியே எடுத்துப் போட்டார். தம்பி, உறைந்த நெய்யைச் சட்டியோடு கவிழ்த்த மாதிரி, மஞ்சளும் வெள்ளையுமாக, அவ்வளவு பெரிய கட்டி.

அதைப் பார்த்ததும் எனக்கு ஒரே கவலை. இவ்வளவு மிச்சம் வைத்திருக்கின்றனவே, உடம்பு சரியில்லையோ?

அருளப்பன் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "சார், இது தட்டு கழுவுன எண்ணெ இல்ல. யாரோ நேரா ஊத்துறாங்க. தெனம் ஊத்துறாங்க. எந்த மெஷினும் தாங்காது."

எல்லோரும் கொளஞ்சியைப் பார்த்தார்கள். ஏனென்றால் அந்தத் தொட்டியிடம் நிற்பது அவள்தானே.

"கொளஞ்சி, நீயா ஊத்துன?" என்றான் தயாளன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேப்பர்ல தொடைக்கச் சொன்னா, சோம்பேறித்தனப்பட்டு அப்படியே உள்ள சாய்ச்சுக்கினு இருக்கியா? சொல்லு. ஒன்ன வுட்டா அங்க யாரு நிக்கிறா?"

அப்போது அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தயாளனை இல்லை, அருளப்பன் தம்பியை இல்லை, என்னை. அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பெரியம்மா, எனக்காக வேண்டிக்கோங்க என்று கேட்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அந்த இடத்திலேயே கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"நான்தான்னு வெச்சிக்குங்க தம்பி."

"என்னா வெச்சிக்கறது? பண்ணியா, இல்லியா?"

"நான்தான்."

எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே போய் நின்றேன். "தயாளா, அவ பொய் சொல்றாடா. கடை அடைக்கறப்ப தெனமும் அந்தத் தொட்டிகிட்ட நான்தான் நிக்கறேன். வெளக்கு வெச்சிட்டு அங்கயேதான் இருக்கேன். ஒருத்தரும் வந்து எண்ணெ ஊத்தல. பெருமான்மேல ஆணையா நான் பாக்கல."

சத்தியமாகப் பார்க்கவில்லை தம்பி. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? நான் போடுவதைக் கேட்கிறீங்களா? முகம் ஏன் இப்படிப் போகிறது உங்களுக்கு? ஊற்றுவது வேறு, போடுவது வேறு. காக்கைக்குச் சோறு வைத்தால், மாடியில் சோற்றைக் கொட்டினாள் என்று யாராவது சொல்வார்களா? நான் வைத்தது அதுகளுக்குச் சாப்பாடு. அருளப்பன் தம்பி சொன்னது வீணாகக் கொட்டின எண்ணெய்.

தயாளன் என்னை உட்கார வைத்தான். "அவளே ஒத்துக்கிட்டா, நீ ஏம்மா நடுவுல சாட்சி சொல்ற? உனக்கு எல்லாரும் நல்லவங்க" என்றான். கொளஞ்சியிடம், "நாளையிலேருந்து வராத" என்றான். அவ்வளவுதான். எத்தனையோ வருஷத்து வேலை, அவ்வளவுதான்.

அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சந்து வழியாகப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். "ஏண்டி பொய் சொன்னே? ஏன் உன்மேல போட்டுக்கிட்டே?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் பிசுபிசு என்று இருந்தது. "ஒடம்பப் பாத்துக்குங்க பெரியம்மா," என்றாள். அப்புறம், "எண்ணெய மட்டும் நிறுத்திடுங்க" என்றாள். வேலை போய் நிற்கிறாள், அப்போதும் என் உடம்பைப் பற்றித்தான் அவளுக்கு. எனக்குக் கொழுப்பு, கிழுப்பு ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் அவளுக்காக வடை சாப்பிடுவதை விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. அழுதுகொண்டே இருந்தேன். தயாளன்தான், "கொஞ்ச நாளு அக்கா வூட்டுல இரும்மா" என்று மறுநாளே கொண்டுவந்து இந்தக் கடலூரில் விட்டுவிட்டுப் போனான்.

இப்போது என் கஷ்டம் என்னவென்றால், அவன் அடிக்கடி போன் பண்ணுகிறான். "பாத்தியாம்மா? கொளஞ்சி போன நாள்லேருந்து ஒரு அடைப்பு இல்ல. தொட்டியில ஊத்துற தண்ணி சர்ருனு எறங்குது. இப்பவாச்சும் நம்புறியா, அவதான்னு?" என்கிறான். தண்ணீர் இறங்குவது நிஜம். கொளஞ்சி பொய்க்காரி இல்லை என்பதும் நிஜம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. விளக்கு முன்னால் உட்கார்ந்தால் ஏதோ ஒரு நினைப்பு வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. யார் என்று பார்ப்பதற்குள் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இன்னும் சத்தமாகப் பிரார்த்தனை சொல்வேன். போய்விடும். மறுநாள் திரும்ப வருகிறது.

சுகுணா சொன்னாள், கொளஞ்சி இப்போது முந்திரி உடைக்கப் போகிறாளாம். பண்ருட்டிப் பக்கம் அந்த வேலைதான் உடனே கிடைக்கும். உங்களுக்குத் தெரியுமே, அந்தக் கொட்டை ஓட்டிலிருந்து ஒரு பால் வரும், பட்டால் கை வெந்துவிடும். விரலெல்லாம் கறுத்து உரிந்துபோய்க் கிடக்கிறதாம். வேறு ஓட்டல்களில் அவளை எடுக்கவில்லை. குழாயை அடைத்தவள் என்று பேச்சு பரவிவிட்டது. அவள் மகள் தயாளனிடம் வந்து கேட்டுப் பார்த்திருக்கிறாள். "செஞ்சேன்னு அவளே சொன்னா, நான் என்னா பண்ணட்டும்?" என்று அனுப்பிவிட்டான். செய்தது யார் என்று தெரிந்தால் நாளைக்கே கூப்பிட்டுக்கொள்வானாம். அதைத்தான் நான் கேட்கிறேன். செய்தவர் யார்? வாயைத் திறந்து சொல்ல ஒருவரும் இல்லையே. கொளஞ்சிக்காக இரண்டு வேளையும் விளக்கு வைக்கிறேன். என்னால் ஆனது அதுதான்.

ஏன் தம்பி எழுந்துட்டீங்க? வேலை முடிந்துவிட்டதா? தண்ணீர் நன்றாக வருகிறது, பாருங்க, இனிக்கிறது. முகத்தைத் துடைச்சுக்கோங்க, வியர்த்திருக்கிறது. ஏதோ சொல்ல வந்தீங்க, அப்புறம் விட்டுட்டீங்க. பரவாயில்லை. எல்லோருமே என்னிடம் ஏதோ சொல்ல வந்து விட்டுவிடுகிறார்கள்.

நான் கேட்க வந்தது இதுதான். குழாய் சர்ரென்று ஓடுகிறது என்கிறானே, அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பொட்டுப் பிசுக்குக்கூட இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? நான் வந்த நாளிலிருந்து அதுகளுக்குப் போட ஆள் இல்லை. கடை அடைத்ததும் அந்த மெஷின் மட்டும் தவறாமல் 'டிர்ர்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பாட்டிலைப் பையில் வைச்சுக்கோங்க. மருந்துப் பாட்டில்தான், நன்றாகக் கழுவி நல்லெண்ணெய் ஊற்றி மூடியிருக்கிறேன், சிந்தாது. நாளைக்கு அங்கே ஃபில்டரை மாற்றி முடித்ததும், கை கழுவப் போகிற சாக்கில், பின்பக்கத்துத் தொட்டியில் இதை ஊற்றிட்டுப் போயிடுங்க தம்பி.